கொலு பார்க்கில் கோனி ஐலண்டு: எந்த வருஷத்தை வைப்பது?

ஃபேர்லேண்ட்ஸ் கொலு (கேள்வி)

வணக்கம். எங்கள் அடுக்குமாடியில் பொதுக் கொலுவுக்குக் கீழே வருஷா வருஷம் ஒரு பார்க் போடுவோம். மேட்டூர் அணை, ஏற்காடு ஏரி, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா எல்லாம் ஆகிவிட்டது. சேலத்துப் பிள்ளைகளுக்குக் கடல் என்றாலே ஒரு ஏக்கம். அதனால் இந்த வருஷம் கடற்கரைப் பொழுதுபோக்குப் பூங்கா. பழைய காலத்து நியூயார்க் கோனி ஐலண்டு என்று முடிவாகியிருக்கிறது.

இடம்: 8க்கு 4 அடி பிளைவுட் ஒன்று. கடல் முன்பக்கம், பின்னால் முதல் படி. நவராத்திரிக்கு மூன்று வாரம் இருக்கிறது.

வைக்க ஆசைப்படுவது: யானை வடிவ ஓட்டல், ட்ரீம்லேண்டின் வெள்ளைக் கோபுரம், லூனா பார்க், வொண்டர் வீல் ராட்டினம், சைக்ளோன் ரோலர் கோஸ்டர், பாராசூட் கோபுரம் (உச்சியிலிருந்து ஆட்களைக் குடையில் இறக்கும் விளையாட்டு), கடலோர மரப்பலகை நடைபாதை.

இத்தனையும் ஒரே காட்சியில் வரலாமா? என்ன அளவில் செய்தால் பலகைக்குள் அடங்கும்? ராட்டினமும் கோஸ்டரும் தினமும் சாயங்காலம் 6 முதல் 9 வரை, ஒன்பது நாளும் நிஜமாகவே ஓட வேண்டும். பிள்ளைகள் வைத்திருக்கும் ஒரே நிபந்தனை அதுதான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய போஸ்ட்கார்டு

நீங்கள் சொன்ன ஏழு உருப்படியையும் ஒன்றாக வைக்க முடியாதுங்க. இணையத்தில் சுற்றும் 'அந்தக் கால கோனி ஐலண்டு' படத் தொகுப்புகள் அறுபது வருஷத்தை ஒரே நாளாகக் காட்டும். அதை நம்பி வைத்தால் ஒன்றையொன்று பார்த்தே இராத கட்டடங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

யானை ஓட்டலை முதலில் எடுத்துவிடுங்கள். 1885ல் கட்டியது, 122 அடி உயரம், 31 அறை. 1896ல் எரிந்து போனது. அப்போது நீங்கள் கேட்ட மற்ற ஆறில் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் இருந்தது பால் பாய்ட்டன் 1895ல் திறந்த சீ லயன் பார்க். சுற்றி வேலி அடைத்து வாசலில் காசு வாங்கிய முதல் பொழுதுபோக்குப் பூங்கா அதுதான். சறுக்குப் பாதையில் படகு இறங்கித் தண்ணீரில் விழும் விளையாட்டு அங்கே பெயர் பெற்றது.

அதைப் பார்த்து ஜார்ஜ் டில்யூ 1897ல் ஸ்டீபிள்சேஸ் பார்க்கைத் திறந்தார். தண்டவாளத்தில் சரிந்து ஓடும் மரக்குதிரைப் பந்தயம்தான் அதன் உயிர். சீ லயன் பார்க் இருந்த நிலத்தில் தாம்ஸனும் டண்டியும் 1903 மே 16ல் லூனா பார்க்கைத் திறந்தார்கள். முதல் இரவே 2,50,000 மின்விளக்கு. வீட்டுக்கு வீடு மின்சாரம் வராத காலம் என்பதால் விளக்கைப் பார்க்கவே கூட்டம் வந்தது. மறு வருஷம் போட்டிக்கு ட்ரீம்லேண்டு: 375 அடிக் கோபுரம், பத்து லட்சம் விளக்கு என்று விளம்பரம், கட்டடமெல்லாம் வெள்ளை.

1907ல் ஸ்டீபிள்சேஸ் எரிந்தது. டில்யூ மறுநாளே பலகை மாட்டி, எரிந்த சாம்பலைப் பார்க்க 10 சென்ட் வாங்கினார். ட்ரீம்லேண்டு 1911 மே 27 விடியுமுன் எரிந்தது. அதை மறுபடி கட்டவே இல்லை. ஆக மூன்று பூங்காவும் சேர்ந்து இருந்தது மொத்தம் ஏழு வருஷம்.

மற்றதெல்லாம் பிறகு வந்தது. வொண்டர் வீல் 1920. அதே வருஷம் 5 சென்ட் சுரங்க ரயிலும் கடற்கரை வரை வந்து, கூட்டம் லட்சக்கணக்கில் பெருகியது. 80 அடி அகல மரப்பலகை நடைபாதை 1923. சைக்ளோன் 1927 ஜூன் 26. பாராசூட் கோபுரம் 1939 உலகக் கண்காட்சிக்காகச் செய்தது, கோனிக்கு வந்தது 1941.

உங்களுக்கு இரண்டு வழிதான். 1906 என்றால் மூன்று பூங்கா, படகுச் சறுக்கல், மரக்குதிரை. 1941 என்றால் ஸ்டீபிள்சேஸ், லூனா, வொண்டர் வீல், சைக்ளோன், பாராசூட், நடைபாதை. என்னைக் கேட்டால் 1906. கோனி ஐலண்டு என்ற பெயருக்கு ஒரு மாயம் இருந்தது அந்தச் சில வருஷம்தான். பிறகு வந்தது வெறும் கூட்டம்.

---

லேத் பட்டறை

வருஷத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள். அளவை நான் சொல்கிறேன்.

150க்கு 1 வைத்துக்கொள்ளுங்கள். 12.5 அடிக்கு ஒரு அங்குலம், கணக்குப் போட எளிது. சைக்ளோன் 85 அடி, அதாவது 17 செ.மீ. பாராசூட் கோபுரம் 262 அடி, 21 அங்குலம். ட்ரீம்லேண்டு கோபுரம் 30 அங்குலம் வரும். அது மூன்றாம் படியையாவது மறைக்கும், பொம்மை வைக்கிற மாமிகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆள் உயரம் 11 மி.மீ. மருந்து உரசிய தீக்குச்சியை 11 மி.மீ. வெட்டி உச்சியில் ஒரு கடுகை ஒட்டினால் சரியான மனிதன். தள்ளி நின்று பார்த்தால் போதும், கிட்டே வந்து பார்க்கிறவர்களுக்குக் கடுகுதான்.

உயரத்துக்குத்தான் இந்தக் கணக்கு. நீளத்துக்கு இல்லை. 8 அடிப் பலகை நிஜத்தில் 1200 அடிதான் ஆகும், பூங்காக்களின் தூரம் அதற்குள் அடங்காது. இடைவெளியைச் சுருக்கிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

ராட்டினம்: வொண்டர் வீல் 150 அடி என்பது தரையிலிருந்து உச்சி வரை. சக்கரத்தின் விட்டம் 135 அடி. பலகையில் அது 27.4 செ.மீ. இதற்குக் குழந்தைகள் ஓட்டும் 14 அங்குல சைக்கிளின் பழைய ரிம் ஏறக்குறைய பொருந்தும். பழைய சைக்கிள் கடையில் அச்சு, பேரிங்கோடு கேட்டு வாங்குங்கள். 16 அங்குல ரிம் வேண்டாம், அளவு மீறும். 1906 வைத்தாலும் இதே ரிம் ஆகும். டில்யூ 1894ல் எழுப்பிய ராட்டினம் 125 அடி.

டயர் இருக்கிற பள்ளம் அப்படியே பெல்ட் ஓடும் கப்பி. 12 வோல்ட், 10 ஆர்பிஎம் கியர் மோட்டாரில் 25 மி.மீ. கப்பி மாட்டி, தையல் மெஷின் பெல்ட்டை ரிம்மைச் சுற்றி இழுத்தால் சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு சுற்று வரும். இதற்கு மேல் வேகம் வைத்தால் பொம்மை மாதிரி தெரியும். கூண்டுகளைப் பள்ளத்தில் ஒட்டாமல் ரிம்மின் பக்கவாட்டில் கட்டுங்கள், பெல்ட் தட்டாது. தாங்குவதற்கு முக்கால் அங்குல அலுமினிய ஆங்கிளில் இரண்டு பக்கமும் ஏ வடிவக் கால்.

இதில் சறுக்குவது பேலன்ஸ். ரிம் ஒட்டின இடம் கனமாக இருக்கும். கையால் சுற்றிவிட்டுப் பாருங்கள், எப்போதும் ஒரே இடம் கீழே வந்து நின்றால் அதற்கு நேர் எதிரே எம்-சீல் கொஞ்சம் கொஞ்சமாக அப்புங்கள். எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கிற வரைக்கும். இதைச் செய்யாமல் மோட்டாரைக் கட்டினால் ஏறும்போது முக்கும், இறங்கும்போது ஓடும், மூன்றாம் நாள் பெல்ட் வழுக்கும். கூண்டு மாட்டிய பிறகு ஒருமுறை மறுபடி பாருங்கள்.

வொண்டர் வீலில் 24 கூண்டு. எட்டு மட்டுமே விளிம்பில் நிலையாக இருக்கும். மீதி 16 உள்ளே வளைந்த தண்டவாளத்தில் சக்கரம் சுற்றச் சுற்ற விளிம்புக்கும் நடுவுக்குமாகச் சரிந்து ஓடும். அதற்கு 18 கேஜ் கம்பியை எஸ் போல வளைத்து, கூண்டை ஒரு பாசிமணியில் தொங்கவிட்டு அந்தக் கம்பியில் கோத்துவிடலாம். நம்ம ஊரில் கொலுசுப் பட்டறைக்கு மணி கொடுக்கிற கடையில் துளை சீராக உள்ள உலோக மணி கிடைக்கும், பிளாஸ்டிக்கைவிட வழுக்கும். கூண்டு ஓடாமல் நின்றுவிட்டால் காரணம் இரண்டில் ஒன்றுதான்: கம்பியின் சரிவு போதவில்லை, அல்லது வளைவில் கம்பி நசுங்கி மணி பிடிக்கிறது. குறடால் வளைக்காதீர்கள், பேனா மூடியில் சுற்றி வளையுங்கள். நேரம் குறைவு என்றால் நான்கைந்தை மட்டும் ஓடவிட்டு மற்றதைக் கட்டிவிடலாம்.

கோஸ்டர் பற்றித் தனியாக எழுதுகிறேன், நீளும்.

---

ஏற்காடு சாரல்

போஸ்ட்கார்டு சார், 1906ல் பிள்ளைகளுக்கு ஓடுவது என்ன இருக்கிறது? படகு ஒன்று, குதிரை ஒன்று, சாதா ராட்டினம் ஒன்று. வொண்டர் வீலும் சைக்ளோனும் கிடையாது. பொருட்காட்சிக்குப் போனால் முதலில் அண்ணாந்து ராட்டினத்தைத் தேடுகிற பிள்ளைகள் அவர்கள். 1941 வையுங்கள் அக்கா. இன்னொரு காரணமும் உண்டு. 1942ல் போர்க்காலக் கட்டுப்பாடு வந்து கடற்கரை விளக்குகளைக் குறைத்துவிட்டார்கள். 1944 ஆகஸ்ட்டில் லூனா எரிந்தது. அத்தனையும் சேர்ந்து, விளக்கும் முழுசாக எரிந்த கோடை 1941 ஒன்றுதான். அதில் வைத்த விளையாட்டுகளில் மூன்று இன்றைக்கும் நிற்கின்றன: வொண்டர் வீலும் சைக்ளோனும் ஓடுகின்றன, பாராசூட் கோபுரம் ஓடாமல் எலும்பாக நிற்கிறது. பேரன் பேத்தி அமெரிக்காவில் இருக்கிற வீட்டுக்காரர்கள் போய்ப் பார்த்தும் வரலாம்.

மணலுக்கு வருகிறேன். எம்-சாண்ட் வேண்டாம், சாம்பல் நிறம், கடற்கரையாகவே தெரியாது. ஆற்று மணலை மாவுச் சல்லடையில் சலித்து, மூன்று பங்குக்கு ஒரு பங்கு வெள்ளைக்கல் கோலப்பொடி கலந்தால் வெளிறிய கடற்கரை நிறம் வரும். அரிசி மாவுக் கோலப்பொடி போட்டுவிடாதீர்கள், எறும்பு திருவிழா நடத்தும். 8 அடி நீளம், ஒரு அடி அகலம், 5 மி.மீ. கனம் என்றால் நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஏறக்குறைய 6 கிலோ. பலகையில் கெட்டியாக ஃபெவிகால் பூசி மணலைத் தூவிவிட்டு, மேலே தண்ணீரும் ஃபெவிகாலும் சரிபாதி கலந்து சொட்டு மருந்து பாட்டிலால் விடுங்கள். அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால்தான் மணலுக்குள் இறங்கும். இல்லாவிட்டால் மேலே முத்து முத்தாக நிற்கும்.

வழக்கமாகப் பார்க்கில் கடுகு, கேழ்வரகு முளைக்கவிட்டுப் புல்வெளி போடுவோமே, அது இங்கே வேண்டாம். கோனியில் மணலும் பலகையும்தான். பச்சை தெரிந்தால் கடற்கரை கெட்டுவிடும். ஈரமும் பிளைவுட்டுக்கு ஆகாது.

கடலுக்கு நிஜத் தண்ணீர் வைக்காதீர்கள். கீழே ஒயர் ஓடுகிறது. கருநீல சார்ட் மேல் தெளிவான அக்ரிலிக் ஷீட், அலைக்கு நிறமில்லாத சிலிகான் சீலண்டை விரலால் இழுத்து, நுனியில் வெள்ளை பெயிண்ட் தொட்டால் போதும். சீலண்ட் காய ஒரு நாள் விடுங்கள். எங்கள் மலையில் மழை நாளில் இரண்டு நாள் ஆகும், கீழே அவ்வளவு ஆகாது.

---

பழைய போஸ்ட்கார்டு

சரி, பிள்ளைகள் கட்சி ஜெயிக்கட்டும். ஆனால் 1941 என்றால் அதை ஒழுங்காக வையுங்கள்.

கடல் முன்னால் என்பது நல்லதாயிற்று. கோனியில் கடல் தெற்கே. கடலில் நின்று கரையைப் பார்ப்பதாக வைத்தால் இடது கை மேற்கு, வலது கை கிழக்கு. இடது கோடியில் ஸ்டீபிள்சேஸும் பாராசூட் கோபுரமும். நடுவில் வொண்டர் வீல். அதற்கு வலப்புறம் சைக்ளோன். பின்னால் சர்ஃப் அவென்யூ என்ற தெரு, தெருவுக்கு அப்பால் லூனா.

முன்னிருந்து பின்னாக 48 அங்குலத்தை இப்படிப் பிரிக்கலாம்: கடல் 8, மணல் 10, நடைபாதை 6.5, விளையாட்டுகள் 13, தெரு 3, லூனா 7.5. லூனாவுக்கு முழுக் கட்டடம் தேவையில்லை, முகப்பை மட்டும் சன்போர்டில் வெட்டி அடுக்கடுக்காக நிறுத்துங்கள். நிஜத்தில் சைக்ளோன் தெருவிலிருந்து கடலை நோக்கி நீளும். 13 அங்குலத்தில் அது நிற்காது என்பதால் கடலுக்கு இணையாகத் திருப்பிக்கொள்ளுங்கள். இந்தப் பிழை தெரிந்தே செய்வது.

ஸ்டீபிள்சேஸின் அடையாளம் இரண்டு: கண்ணாடியும் இரும்புமாக எழுந்த பெரிய கூடம், அதன் முகப்பில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் முகம். கூடத்துக்கு மவுண்ட் போர்டு சட்டத்தில் ஓ.எச்.பி. ஷீட் (தெளிவான பிளாஸ்டிக் தாள்) ஒட்டினால் கண்ணாடி ஆயிற்று. அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுவிட்டால் கோனி தெரிந்தவர்கள் அது ஏதோ ரயில் நிலையம் என்பார்கள்.

லூனாவின் நிறம் பலருக்குத் தவறும். வெள்ளை ட்ரீம்லேண்டுடையது. லூனா ஆரஞ்சு, வெள்ளை, பொன்னிறம் கலந்த கீழைநாட்டுக் கற்பனை: கூம்புக் கோபுரம், பிறைநிலா, குமிழ் மாடம். நடுக் கோபுரம் 200 அடி, பலகையில் 16 அங்குலம்.

யானை வேண்டும் என்றால் பொம்மை யானை ஒன்றை லூனாவில் வைக்கலாம், அங்கே நிஜ யானைகள் இருந்தன. ஆனால் 1903 ஜனவரியில் டாப்ஸி என்ற யானையை அதே நிலத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். பூங்காவின் அந்தப் பக்கத்தையும் தெரிந்துகொண்டு வையுங்கள். அதைவிட நல்ல காட்சி ஒன்று இருக்கிறது: மார்ட்டின் கூனி என்பவர் குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிய கூடம். 1903 முதல் 1943 வரை கோனியில் நடந்தது. பார்வையாளர் தந்த 25 சென்ட்டில் செலவு ஓடியது, பெற்றோரிடம் ஒரு காசு வாங்கவில்லை. ஆஸ்பத்திரிகளில் அந்தப் பெட்டி அரிதாக இருந்த காலம். தெளிவான மாத்திரை அட்டையின் குமிழ்களை வெட்டிக் கவிழ்த்தால் பெட்டி தயார்.

---

லேத் பட்டறை

சைக்ளோன். முதலில் ஒன்று: நிஜ சைக்ளோனின் பாதை 2640 அடி, நம்ம அளவில் 17.6 அடி. 17 செ.மீ. உயரத்திலிருந்து விட்ட குண்டு அத்தனை மேடு ஏறி அத்தனை தூரம் போகாது. நிஜ வண்டி டன் கணக்கில் எடை, உராய்வு அதற்குத் தூசு. நம்ம குண்டு ஒரு கிராம். பாதையை 6 முதல் 7 அடிக்குள், மூன்று மேட்டோடு முடியுங்கள். 40க்கு 6 அங்குல இடத்தில் இரண்டு அடுக்காக மடித்துவிடலாம்.

கால் அங்குல பேரிங் குண்டு, 6.35 மி.மீ. பாதைக்கு 16 கேஜ் ஜி.ஐ. கம்பி இரண்டு, நடுவே 4 மி.மீ. இடைவெளி. இடைவெளி கூடினால் குண்டு கம்பிகளுக்கு நடுவே அமுங்கி உட்காரும். அப்போது அதே தூரம் போக அதிக முறை சுழல வேண்டும், இறங்கிய வேகமெல்லாம் சுழற்சிக்கே போய்விடும். குறைந்தால் வளைவில் வெளியே குதிக்கும். 4 மி.மீ. தகட்டுத் துண்டு ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு இரண்டு அங்குலத்துக்கு ஒரு குறுக்குக் கம்பி சால்டர் செய்யுங்கள். கம்பியை உப்புத்தாளால் தேய்த்து ஃப்ளக்ஸ் தடவாமல் ஜி.ஐ.யில் ஈயம் ஒட்டாது. முக்கியம்: குறுக்குக் கம்பி பாதைக்கு அடியில் இருக்க வேண்டும், ஈயக் கட்டி மேலே துருத்தினால் குண்டு அங்கேயே நின்றுவிடும்.

முதல் மேடு 17 செ.மீ., இரண்டாவது 11, மூன்றாவது 7. இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுவார்கள்: மேட்டின் முகட்டைக் கூராக வளைத்தால் குண்டு பறந்துவிடும். நிஜ வண்டி பறக்காமல் இருப்பது ஜான் மில்லர் கண்டுபிடித்த அடிச் சக்கரத்தால், அது தண்டவாளத்துக்குக் கீழே பிடித்துக்கொள்கிறது. நம்ம குண்டுக்கு அது கிடையாது. இரண்டாம் மேட்டு முகட்டின் வளைவு ஆரம் 9 செ.மீ.க்குக் குறையக் கூடாது. மூன்றாவது தாழ்வாக இருக்கிறதே என்று சின்னதாக வளைக்காதீர்கள், அங்கே வேகம் இன்னும் அதிகம், 14 செ.மீ. வேண்டும். சைக்ளோனின் முதல் இறக்கம் 58 டிகிரிக்கு மேல். அதையும் அப்படியே செய்யாமல் 45 டிகிரியோடு நிறுத்துங்கள்.

குண்டை மேலே ஏற்ற 20 செ.மீ. அக்ரிலிக் வட்டம், ஓரத்தில் 8 மி.மீ. நியோடிமியம் காந்தம் மூன்று, 10 ஆர்பிஎம் மோட்டார். கீழே வந்து நிற்கும் குண்டைக் காந்தம் கவ்வி மேலே கொண்டுபோகும், உச்சியில் ஒரு பிளாஸ்டிக் தகடு தட்டிப் பாதையில் விடும். நிமிஷத்துக்கு முப்பது குண்டு வரை போகும். இரண்டு மூன்று நாளில் குண்டுகளே காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். அப்போது புதுக் குண்டுகளை மாற்றிவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. எண்ணெய் போடாதீர்கள், தூசி பிடித்துக் கம்பி முழுக்கச் சேறாகும். ஓட்டுமுன் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

தாங்கும் சட்டம் மரக்குச்சியில் வேண்டுமா என்று கேட்பீர்கள். சைக்ளோனின் பாதைதான் மரம், கீழே தாங்குவது இரும்புச் சட்டம். ஐஸ் குச்சியை அங்கே செலவழிக்காமல் நடைபாதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஃபேர்லேண்ட்ஸ் கொலு

எல்லோருக்கும் நன்றி. 1941 என்றே முடிவு. கோஸ்டரை மூன்று மேட்டோடு நிறுத்துகிறோம். ஒரு மாமி மட்டும் ட்ரீம்லேண்டு கோபுரத்தை விடமாட்டேன் என்கிறார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வாங்கி வைத்துவிட்டாராம். என்ன செய்ய? விளக்கு பற்றியும் யாராவது சொல்லுங்கள். சன்போர்டு ஓரத்தில் ஜவ்வரிசி ஒட்டி பல்பு மாதிரி காட்டலாம் என்றும் ஒரு யோசனை.

---

சீரியல் செட்

ஜவ்வரிசி சேலத்து யோசனைதான், கடைக்குக் கடை கிடைக்கும். பெரிய மணி வேண்டாம், பொடி ஜவ்வரிசி. ஒட்டிக் காய்ந்ததும் வார்னிஷ் ஒரு கை அடிக்காவிட்டால் ஈரக் காற்றில் பிசுபிசுத்து எறும்பு வரும். அது பகலுக்கு. இரவுக்கு அது ஒன்றும் செய்யாது.

இரவுக்குச் செப்புக் கம்பியில் வரும் 5 வோல்ட் எல்.இ.டி. சரம், 10 மீட்டருக்கு 100 பல்பு, வார்ம் ஒயிட். குளிர் வெள்ளை வாங்கினால் காட்சி மருத்துவமனை ஆகிவிடும். நாலு சரம் போதும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை ஆம்பியர் இழுக்கும், மொத்தம் 2. அதற்கு 3 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள். ஒரே சரத்தை நீட்டிக்கொண்டே போனால் கடைசி பல்புகள் மங்கும், நாலையும் தனித்தனியாக அடாப்டரிலிருந்து எடுங்கள். மினுக்கும் மோடு வேண்டவே வேண்டாம். லூனாவின் அழகு கட்டட விளிம்பு அசையாமல் ஒளிர்ந்ததில்தான், மினுக்கினால் திருமண மண்டப வாசல்.

மோட்டார்களுக்கு வேறு 12 வோல்ட் அடாப்டர். ஒன்றிலேயே எல்லாம் ஓட்டினால் மோட்டார் முக்கும்போதெல்லாம் விளக்கு துடிக்கும். சுற்றும் ராட்டினத்துக்கு ஒயர் இழுக்க முடியாது, முறுக்கிக்கொள்ளும். 20 பல்புச் சரம், மூன்று பென்டார்ச் பேட்டரிப் பெட்டியோடு அச்சுக்குப் பக்கத்தில் கட்டுங்கள். விளிம்பில் கட்டினால் பேலன்ஸ் போகும். ஐந்தாம் ஆறாம் நாள் ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும்.

கரண்ட் போனால்: 12 வோல்ட் 7 ஏ.எச். யு.பி.எஸ். பேட்டரி ஒன்று, மோட்டாருக்கு நேரடியாக, விளக்குக்குக் காரில் போடும் மொபைல் சார்ஜர் வழியாக. நல்ல பேட்டரி என்றால் 3 மணி நேரம் தாங்கும். பேட்டரியின் பாசிட்டிவ் ஒயரில் 2 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம்.

குத்துவிளக்கு பலகையிலிருந்து 3 அடியாவது தள்ளி இருக்கட்டும். பார்க்குக்குள் அகல் வைக்கவே கூடாது. தெர்மாகோலும் சன்போர்டும் நொடியில் பற்றும்.

---

ஏற்காடு சாரல்

மாமியின் பிளாஸ்டருக்கு வேலை இருக்கிறது. ட்ரீம்லேண்டே அதில் கட்டியதுதான்: மரப்பட்டைச் சட்டத்தின் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் நாரும் கலந்த பூச்சு. கல் கட்டடம் போலத் தெரியும், நெருப்புக்கு அடுப்புச் சுள்ளி. ஹெல் கேட் என்ற விளையாட்டில் கசிவை அடைக்கக் கொதிக்கும் தாருடன் இரவில் வேலை நடந்தது. விளக்குகள் அணைந்து இருட்டில் தார் வாளி கவிழ்ந்தது, விடிவதற்குள் எல்லாம் முடிந்தது.

பலகையில் வைக்க வேண்டாம், 1941ல் அது இல்லை. முதல் படியின் ஓரத்தில் தனியாக, '1904 முதல் 1911 வரை' என்று சீட்டெழுதி நினைவுச் சின்னமாக வைக்கலாம். 300க்கு 1 எடுத்தால் 15 அங்குலம், படிக்கு அடங்கும்.

செய்முறை: தண்ணீரில் தூளைத் தூவ வேண்டும், தூளில் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டும். ஒரு கப் தண்ணீருக்கு இரண்டு கப் தூள். ஒரு நிமிஷம் ஊறவிட்டு மெதுவாகக் கலக்குங்கள், அடித்துக் கலக்கினால் குமிழ் நிற்கும், சீக்கிரமும் இறுகும். சாக்கை அரை அங்குலமாக வெட்டிப் பிரித்த நார் ஒரு பிடி. அட்டைச் சட்டத்தில் 3 மி.மீ. பூசினால் போதும், கனமாகப் பூசினால் அட்டை நனைந்து தொய்யும். பத்து நிமிஷத்தில் இறுகிவிடும், சின்னச் சின்னக் கலவையாகவே போடுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் கல்லாகும். நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டு, பிறகு வெள்ளை.

---

லேத் பட்டறை

விட்டுப்போனவை. முழு 8க்கு 4 ஷீட் லிஃப்ட்டில் ஏறாது. 12 மி.மீ. பிளைவுட்டை 4க்கு 4 இரண்டாக வெட்டி, அடியில் 2க்கு 1 அங்குலச் சட்டம் 16 அங்குலத்துக்கு ஒன்று அடியுங்கள். ஒயர் ஓட இடமும் கிடைக்கும். இணைப்பு நடுவில் வரும். ராட்டினத்தின் கால் இரண்டும் ஒரே பாதியில் இருக்கும்படி கொஞ்சம் இடதாகத் தள்ளி வையுங்கள், சைக்ளோன் முழுக்க வலது பாதியில்.

பாராசூட் கோபுரத்தின் உச்சியில் 12 கை. நிஜத்தில் ஒரு குடைக்கு மூன்று ஆள் வேண்டும், காற்று அடித்தால் நிறுத்த வேண்டும், அதனாலேயே அது கையைக் கடித்தது. நீங்கள் எல்லாவற்றையும் ஓட்ட ஆசைப்படாதீர்கள். பத்துக் குடையை வெவ்வேறு உயரத்தில் கட்டிவிட்டு இரண்டை மட்டும் ஒரே நூலின் இரு முனையில் கட்டுங்கள். ஒன்று ஏற மற்றது இறங்கும், பிள்ளைகள் கையால் இழுத்தே விளையாடலாம்.

மரக்குதிரைப் பந்தயத்தையும் விடாதீர்கள். ஸ்டீபிள்சேஸ் கூடத்தைச் சுற்றி 5 செ.மீ. சரிவில் இரண்டு ஜோடிக் கம்பி, கோஸ்டரின் அதே 4 மி.மீ. இடைவெளி. பாதை ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம். குதிரை அட்டையில், அடியில் இரண்டு பாசிமணிச் சக்கரம், வயிற்றில் எம்-சீல். அங்கே கனமான ஆள் ஏறிய குதிரைதான் பெரும்பாலும் ஜெயித்தது, அச்சு உராய்வும் காற்றும் எடை கூடினவனை அவ்வளவு பிடிக்காது. ஒரு குதிரையில் 5 கிராம், இன்னொன்றில் 15 கிராம் வைத்து விடுங்கள். இரண்டும் சேர்ந்தே வந்தால் அச்சைக் கொஞ்சம் இறுக்கமாக்குங்கள், வித்தியாசம் தெரியும்.